நல்ல தண்ணீர் படக் கூடாத கல்

திருச்சி கைலாசபுரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் எல்லார் வீட்டு முன்னறையிலும் ரேடியோ இருக்கும். எங்கள் வீட்டில் அந்த இடத்தில் மீன் தொட்டி. மூன்றரை அடி நீளம். ஆங்கிள் இரும்பை வெட்டிச் சட்டம் அடித்து, கறுப்பு மக்கு வைத்துக் கண்ணாடி பதித்து என் வீட்டுக்காரர் தன் கையாலேயே செய்தது. தொழிற்சாலையில் அவர் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போய்விடுவார். அங்கே ஒரு வாய்க்காலில் சிவப்புப் புழு கிடைக்கும், மீனுக்கு. புழுவை என் காபி வடிகட்டியில் அலசுவார். அதற்காக நான் போட்ட சண்டையெல்லாம் இப்போது நினைத்தால் ஒன்றுமே இல்லை.

நல்ல தண்ணீர் மீன்களை வைத்து வைத்து அவருக்கு அலுத்துவிட்டது. கடல் மீன் வளர்க்க வேண்டும், பவளம் வளர்க்க வேண்டும் என்று ஆசை. திருச்சியில் உட்கார்ந்துகொண்டு கடலுக்கு ஆசைப்பட்டால் யார் என்ன செய்ய முடியும்? ஆனால் அவருடைய அண்ணன், எனக்கு மச்சாண்டார், கொழும்பில் வேலையாக இருந்தார். வெளிநாடுகளுக்கு அலங்கார மீன் அனுப்புகிற ஒரு கம்பெனியில். அங்கிருந்து அவர் அனுப்பும் கடிதங்களில் வீட்டு விஷயம் நாலு வரி, மீன் விஷயம் நாலு பக்கம். அண்ணனும் தம்பியும் அப்படித்தான். கல்யாணமான புதிதில் எனக்கு இது ஒரு வியாதி மாதிரி தெரிந்தது.

எழுபதுகளின் நடுவில் மச்சாண்டார் பெண்டாட்டி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், உண்டாகியிருப்பதாகக் கடிதம் வந்தது. பிரசவத்துக்குத் துணையாக நான் கொழும்பு போவதாகப் பேச்சு. பேச்சு ஆரம்பித்த அன்றே இவர் சொன்னார்: "திரும்பி வர்றப்போ நீயே மீனு, பவளம், கல்லு எல்லாம் எடுத்துட்டு வந்துடு."

"என்னங்க, போலீஸ் பிடிச்சுக்க மாட்டானா?"

"திருட்டுத்தனமாவா கொண்டு வரச் சொல்றேன்? எல்லாத்துக்கும் பேப்பர் வாங்கிடுவோம்."

வாங்கினார். எட்டு மாதம் ஆயிற்று. மெட்ராஸுக்கு எழுதினார், டெல்லிக்கு எழுதினார். மச்சாண்டார் அந்தப் பக்கம் மீன்துறையில் அனுமதி வாங்கினார், கால்நடை டாக்டரிடம் சர்டிபிகேட்டுக்கு ஏற்பாடு செய்தார். என்ன மீன், எத்தனை மீன், பவளம் எத்தனை, கல் எத்தனை, என்ன எடை, எல்லாம் டைப் அடித்த காகிதத்தில். சர்க்கார் தொழிற்சாலை வேலை, ஒரு கறுப்புப் புள்ளி விழக் கூடாது என்பதில் இவர் கண்டிப்பு.

நான் எட்டாவதோடு நின்றவள். மார்க் குறைந்த ரிப்போர்ட்டில் அப்பாவிடம் கையெழுத்துக் கேட்கப் பயந்து ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகாமல் இருந்தேன். அந்த ஒரு வாரம் அப்படியே நீண்டுவிட்டது, அவ்வளவுதான் என் படிப்பு. ஆகவே அந்த இங்கிலீஷ் காகிதங்களில் ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் இவர் பென்சிலால் தமிழில் எழுதிக் கொடுத்தார். கொழும்பில் இருந்த இரண்டு மாதமும் அவற்றை ஞானோபதேசம் மாதிரி மனப்பாடம் செய்தேன். மீன் பன்னிரண்டு. பவளம் இரண்டு. பாறைக்கல் எட்டு. குழந்தைக்குத் தாலாட்டுப் பாடும்போதுகூட வாயில் அதுதான் வந்தது.

பெண் குழந்தை. ஞானஸ்நானத்தைக் கொழும்பில் வைக்க வேண்டாம், கிறிஸ்துமஸுக்கு எல்லாருமாகத் திருச்சிக்கு வந்து நம் கோயிலிலேயே வைத்துக்கொள்வோம், தம்பிதான் ஞானத்தகப்பன் என்று மச்சாண்டார் சொன்னார். இதை நான் கடிதத்தில் எழுதியதும் இவர் பதிலுக்குத் தந்தியே கொடுத்துவிட்டார். கடிதம் போதாதா என்றால், சந்தோஷத்துக்குக் கடிதம் போதாதாம்.

புறப்படுகிற நாள் மச்சாண்டார் தானே பெட்டி கட்டினார். மீன்களை ஒவ்வொன்றாகக் கடல் தண்ணீரோடு பாலிதீன் பையில் விட்டு, காற்று அடைத்து, ரப்பர் போட்டு இறுக்கினார். பவளம் இரண்டும் தனிப் பையில். அதுவரை நான் பவளம் என்றால் வேளாங்கண்ணிக் கடைகளில் தொங்கும் வெள்ளைக் கிளைகளைத்தான் பார்த்திருக்கிறேன். இது தவிட்டு நிறத்தில், மேலே சதை மாதிரி ஏதோ மூடி, தொட்டால் வழுவழுவென்று இருந்தது. கல் எட்டையும் கடல் தண்ணீரில் நனைத்த பேப்பரில் சுற்றி வேறு பெட்டியில் வைத்தார். அவற்றைப் பார்க்கவே எனக்குச் சங்கடம். பச்சையும் ஊதாவுமாகப் பாசி, ஓட்டைக்கு ஓட்டை புழு, ஒரு கல்லின் பொந்தில் சுண்டுவிரல் நகமளவு நண்டு ஒன்று.

"இதுதாம்மா முக்கியம்" என்றார் மச்சாண்டார். "மீனைவிட இந்தக் கல்லுதான் முக்கியம். இதுக்குள்ள இருக்கிற உயிருங்கதான் தொட்டித் தண்ணியைச் சுத்தமா வச்சிருக்கும். காயக் கூடாது. நல்ல தண்ணி ஒரு சொட்டுப் படக் கூடாது. புரியுதா?"

"புரியுதுங்க மாமா."

"திருப்பிச் சொல்லு பாப்போம்."

"காயக் கூடாது. நல்ல தண்ணி படக் கூடாது."

என் வாயாலேயே சொன்னேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல இன்றுவரை எனக்கு வழி இல்லை.

கொழும்பிலிருந்து ரயில், தலைமன்னாரில் கப்பல். திரும்பிவரும் ஒரு காரைக்குடிக் குடும்பத்தோடு என்னைச் சேர்த்து அனுப்பியிருந்தார். அந்த அம்மாள் நல்ல மாதிரி, ஆனால் பேச்சு நிற்காது. கப்பல் ராமேஸ்வரத்தை நெருங்கும்போது சொன்னார்: "போன தடவை ஒருத்தர் ரோஜாச் செடி கொண்டாந்தாரு. வேர்ல துளியூண்டு மண்ணு. கடல்ல தூக்கிப் போடுன்னுட்டான். அழுதாரு பாவம், ஆம்பளை."

காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது தாளில், இவர் பென்சில் எழுத்தில்: "மண், அழுகல், செடிகொடி எதுவும் இருக்கக் கூடாது." அது மீன் பெட்டிக்குள் அடைக்கிற வைக்கோலைப் பற்றிச் சொன்னது என்று பின்னால் தெரிந்தது. அன்றைக்கு அது என் கல்லைப் பற்றித்தான் சொன்னது. என் கல்லில் பாசி இருக்கிறது. பாசி செடிகொடிதானே? சேறு இருக்கிறது. புழு இருக்கிறது. நண்டு வேறு இருக்கிறது, காகிதத்தில் நண்டு என்ற பேச்சே இல்லை.

சுங்கக் கொட்டகையில் பெரிய வரிசை. எங்கள் முறை வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். மத்தியான வெயில். பெட்டியிலிருந்து கடல் வாடை கிளம்பி எனக்கு முன்னால் நின்றவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். என் கண்ணுக்கு என்னென்னவோ தெரிந்தது. எட்டு மாதக் காகிதம் கிழிவது. இவருக்கு வேலை போவது. என்னை ஒரு அறையில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பது. அந்த அம்மாளிடம் மீன் பெட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்கள் குளியலறைக்குப் போனேன். பவளத்தையும் எடுத்துக்கொண்டேன்.

குழாயைத் திறந்தேன். அக்கா எனக்கென்று கொடுத்த மல்லிகை வாசனைச் சோப்பு பையில் இருந்தது. பெட்டி கட்டியிருந்த தேங்காய்க் கயிற்றில் ஒரு முழம் பிரித்துச் சுருட்டினேன். அடிப்பிடித்த பாத்திரம் தேய்க்கிற மாதிரி தேய்த்தேன். பச்சை போயிற்று, ஊதா போயிற்று. ஓட்டைக்குள்ளே கொண்டை ஊசியை விட்டு நோண்டினேன். நண்டு தரையில் விழுந்து சோப்பு நுரைக்குள் பக்கவாட்டில் ஓடி ஜலதாரைக்குள் போனது. பவளத்தின் சதை கோழை மாதிரி கையோடு வந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று, வேளாங்கண்ணிக் கடையில் இருப்பது மாதிரியே ஆயிற்று. அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்த நேரத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது.

சுங்க அதிகாரி சின்ன வயசுக்காரர், மரியாதையாகப் பேசினார். மீன்களை எண்ணினார். சர்டிபிகேட்டைப் பார்த்தார். பிறகு ஒரு கல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"உயிருள்ள பாறைன்னு போட்டிருக்கே. இது வெறும் கல்லுதானேம்மா?"

"ஆமாங்க."

"இதுக்கா இத்தனை பேப்பர்?" என்று சிரித்துவிட்டு முத்திரை குத்தினார்.

அவர் பாசியைத் தேடவே இல்லை. இருந்திருந்தாலும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். பாசியோடு கொண்டு வரத்தானே எட்டு மாதம் காகிதம் வாங்கினோம். முத்திரை விழுந்த அந்த நொடியில் இது எனக்குத் தெரிந்துவிட்டது.

திருச்சி ஜங்ஷனில் இவர் தொழிற்சாலை நண்பரின் வேனோடு நின்றார். நண்பரோடு லாரியில் வேளாங்கண்ணி போய்ப் பன்னிரண்டு கேன் கடல் தண்ணீர் கொண்டு வந்து தொட்டியை நிரப்பி வைத்திருந்தார். மீன் பன்னிரண்டும் உயிரோடு இருந்தன. ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்டவை, நீலப் பொடி மாதிரி சின்னவை. தெருவே வந்து பார்த்தது. இவர் கல்லை எடுத்து அடுக்கும்போது ஒன்றை மூக்கருகில் கொண்டுபோனார்.

"என்னடி, மல்லிகைப்பூ வாசனை வருது?"

"சோப்பும் அதே பெட்டியிலதான் இருந்துச்சுங்க."

"கடல்ல மல்லிகை பூக்குது போ" என்று சிரித்தார். பவளம் வெள்ளையாக இருந்ததும் அவருக்குச் சந்தேகம் தரவில்லை. அவரும் என் மாதிரி கடையில் தொங்குவதைத்தான் பார்த்தவர்.

மூன்றாம் நாள் தண்ணீர் பால் மாதிரி கலங்கியது. கல்லின் ஆழத்தில் நான் எட்டாத இடத்தில் இருந்ததெல்லாம் செத்து அழுகியது. நான் போட்ட சோப்பும் ஊறி இறங்கியிருக்கும். நாளுக்கு ஒன்றாக, இரண்டாக மீன் மேலே மிதந்தது. இவர் லீவு போட்டுவிட்டுத் தொட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஒன்பதாம் நாள் கடைசி நீல மீனும் போயிற்று. அன்றைக்கு அவர் என்னிடம் கேட்டார், ஒரே ஒரு தடவை, சத்தம் போடாமல்:

"வழியில ஏதாவது ஆச்சா?"

"ஒண்ணும் ஆகலைங்க."

"கல்லு காஞ்சுதா? தண்ணி கிண்ணி பட்டுச்சா?"

"இல்லைங்க."

அவ்வளவுதான் நான் சொன்னது.

அன்றைக்கே அண்ணனுக்குக் கடிதம் எழுதினார். செத்த கல்லை அனுப்பினாய், கம்பெனியில் கழித்துப் போட்டதைத் தம்பி தலையில் கட்டினாய் என்று. மச்சாண்டார் பதில் எழுதினார்: என் கையால் கடலிலிருந்து எடுத்தேன், நண்டு ஓடியதை உன் பெண்டாட்டியும் பார்த்தாள், அவளைக் கேள். இவர் கடிதத்தை என்னிடம் நீட்டினார். "நண்டு இருந்துச்சா?"

இருந்தது என்றால் அது எங்கே போயிற்று என்று அடுத்த கேள்வி வரும். "நான் சரியாப் பாக்கலைங்க" என்றேன்.

இவருடைய அடுத்த கடிதத்தை நான் படிக்கவில்லை. அதற்குப் பதில் வரவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு யாரும் வரவில்லை. குழந்தைக்குக் கொழும்பிலேயே ஞானஸ்நானம் நடந்தது, கம்பெனியில் வேலை பார்க்கும் யாரோ ஒருவர் ஞானத்தகப்பனாக நின்றார் என்று உறவுக்காரர் மூலம் காதுக்கு வந்தது. இவர் கேட்டுவிட்டு, "நல்லது" என்றார். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துபோனார்.

பெரிய வியாழனுக்கு முன்னால் கோயிலில் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எனக்குப் பின்னால் நீள வரிசை. தட்டிக்கு அந்தப் பக்கம் வயதான சாமியார்.

"சாமி, ஒரு கல்லைக் கழுவிட்டேன்."

"என்னம்மா?"

"கல்லு சாமி. சோப்புப் போட்டுக் கழுவிட்டேன்."

"யார் மேலயாவது எறிஞ்சியா?"

"இல்ல சாமி. கழுவினேன்."

"திருடின கல்லா?"

"ஐயோ இல்ல சாமி, எல்லாத்துக்கும் பேப்பர் இருக்கு. முத்திரைகூட குத்தியிருக்கு."

அவர் பெருமூச்சு விட்டது தட்டியில் பட்டது. "மனசுல வீண் சஞ்சலம் வேண்டாம். மூணு அருள்நிறை மந்திரம் சொல்லிட்டுப் போ."

எழுந்து வந்துவிட்டேன். மூன்று இல்லை, ஐம்பது சொன்னேன். ஆனால் அவரிடம் பாதியைத்தானே சொன்னேன்? என் பொய்யால் ஒரு அண்ணன், தன் தம்பியை ஏமாற்றினவர் ஆகிவிட்டார் என்பதைச் சொல்லவில்லையே. சொன்னால், போய் உண்மையைச் சொல் என்பார். அது தெரிந்துதான் கல்லோடு நிறுத்திக்கொண்டேன்.

ஒவ்வொரு வருஷமும் இவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். அவர் நல்ல மனநிலையில் இருக்கும் நாளில், ஏன் கெடுக்க வேண்டும் என்று தோன்றும். கெட்ட மனநிலையில் இருக்கும் நாளில், இன்றைக்கா என்று தோன்றும். அந்தத் தொட்டியில் அவர் மறுபடி மீன் விடவில்லை. பழைய ஸ்பானர், போல்ட் போட்டு வைத்தார்.

எண்பத்து மூன்றில் கொழும்பில் கலவரம். மச்சாண்டார் குடும்பம் உயிர் தப்பி, ஒரு டிரங்குப் பெட்டியோடு அதே கப்பலில் வந்து சேர்ந்தது. இவர் ஜங்ஷனுக்குப் போய் அழைத்து வந்தார். முன்னறையைக் கொடுத்தார், புதுப் பாய் வாங்கினார், அண்ணன் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் பிடித்தார். எல்லாம் செய்தார். அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"உங்க மச்சாண்டாரைச் சாப்பிடச் சொல்லு" என்பார் என்னிடம், நாலடி தூரத்தில் அண்ணன் உட்கார்ந்திருக்க.

"தம்பிக்கு நாளைக்கு எந்த ஷிப்டுன்னு கேளும்மா" என்பார் அவர் என்னிடம்.

அந்தப் பெண் குழந்தைக்கு ஏழு வயது. இது ஒரு விளையாட்டு என்று நினைத்து நடுவில் நின்றுகொண்டாள். "சித்தப்பா, அப்பாவுக்குக் காது நல்லாக் கேக்கும். நீங்களே சொன்னாலும் கேக்கும்." அக்கா அவளை இழுத்து வாயைப் பொத்துவார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இத்தனைக்கும் மச்சாண்டார் என்னை ஒருநாளும் முறைத்துப் பார்க்கவில்லை, அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வழியில் ஏதோ நடந்திருக்க வேண்டும் என்று அவருக்குச் சந்தேகம் இருந்திருக்கும். தம்பி பெண்டாட்டியை அவள் வீட்டிலேயே கேட்கக் கூடாது என்று விட்டிருப்பார்.

ஒன்றரை மாதம் கழித்து அவருக்குத் துவாக்குடியில் ஒரு சின்னப் பட்டறையில் கணக்கு எழுதுகிற வேலை கிடைத்தது. அங்கேயே ஒரு அறையும் பார்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து, டிரங்குப் பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது.

"தம்பிகிட்ட சொல்லும்மா, இனிமே தொந்தரவு இல்லைன்னு" என்றார்.

இவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். "சரின்னு சொல்லு."

இனிமேல் இவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு வீட்டுக்குள் பேசாதவர்கள் பத்து கிலோமீட்டர் தாண்டியா பேசப் போகிறார்கள்? கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"கல்லை நான்தான் கழுவினேன்."

யாருக்கும் புரியவில்லை. மறுபடி சொன்னேன். ராமேஸ்வரத்துக் குழாய், ரோஜாச் செடி, பென்சில் எழுத்து, கயிறு, கொண்டை ஊசி, எல்லாம் தாறுமாறாக வந்தது. மாமா நல்ல கல்லுதான் கொடுத்தாங்க, நண்டு இருந்துச்சு, நான்தான் ஜலதாரையில விட்டேன் என்றேன். இவர் பேப்பரை மடிக்கவில்லை, அது மடியில் சரிந்து கிடந்தது.

முதலில் பேசியது அக்காதான். "என்ன சோப்பு? நான் கொடுத்த மல்லிகைச் சோப்பா? அடிப் பாவி, அதை மூஞ்சிக்குப் போடுன்னுல்ல கொடுத்தேன்!"

யாரும் சிரிக்கவில்லை. இவர் அண்ணனைப் பார்த்தார். ஏழு வருஷத்துக்குப் பிறகு நேராக.

"வாசனை வந்துச்சுண்ணே" என்றார். "மோந்து பார்த்தேன். அன்னைக்கே எனக்கு வாசனை வந்துச்சு. எனக்குத் தோணலை பாரு."

மச்சாண்டார் டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். "கயித்தால தேச்சியாம்மா?" என்றார். ஆமாம் என்றேன். "அதுக்கு மேல எது தங்கும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு தம்பியிடம், "தண்ணி எத்தனாம் நாள் கலங்குச்சு?" என்று கேட்டார். இவர் மூன்றாம் நாள் என்றார். எந்த மீன் முதலில் போயிற்று என்று கேட்டார். இருவரும் ஒன்பது நாளையும் ஒவ்வொரு நாளாகப் பேசினார்கள், ஒரு சாவு வீட்டில் விசாரிப்பது மாதிரி. நான் காபி போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். இரண்டு பேரும் என்னைப் பார்க்காமல் எடுத்துக்கொண்டார்கள்.

துவாக்குடிக்குப் போகத்தான் போனார்கள். ஆனால் டிரங்குப் பெட்டியை இவர் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போனார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இவர் அங்கே, அல்லது அவர் இங்கே. மச்சாண்டார் என்னிடம் எப்போதும்போல்தான் பேசினார், இன்னும் கொஞ்சம் பிரியமாகவே. எனக்கு அது தாங்கவில்லை. அக்காவோ விருந்தாளிகள் வந்தால் கல்லுக்குச் சோப்புப் போட்ட கதையைச் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

இவர் என்னோடு பத்து நாள் தேவைக்கு மட்டும் பேசினார். பதினோராம் நாள், நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

"அன்னைக்கு நான் கேட்டேனே. அப்பவே சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பேன்? திட்டியிருப்பேன். ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன். அவ்வளவுதானே?"

"ஆமாங்க."

"அந்த ரெண்டு நாளுக்குப் பயந்தா இப்படி?"

"ஆமாங்க."

இதோ திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். திட்டட்டும் என்றுதான் இருந்தது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சாம்பாரில் உப்புக் கூடினால் திட்டுகிறவர்தான் அவர். கதவைச் சாத்த மறந்தால் திட்டுகிறவர். அந்தக் கல்லுக்காக மட்டும் என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. வருஷங்கள் கழித்து ஒருநாள் நானே கேட்டேன்: "அதுக்காக ஒரு தடவை திட்டிடுங்களேன், எனக்கு ஆறும்."

"போ, போய் வேலையைப் பாரு" என்றார்.